மூன்று கம்பிகளுக்குப் பிறகுதான் எடிட்டர்

எம்பெடட் லினக்ஸ், அதாவது கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எந்த ஐடிஇ போடணும்?" நிரலை எழுதவும் ஓட்டிப் பார்க்கவும் உதவும் மென்பொருளைத்தான் ஐடிஇ என்கிறார்கள். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சிறு நிறுவனம், நூற்பாலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் மின்மானிகளையும் மோட்டார்களையும் கண்காணிக்கும் பெட்டிகளைத் தயாரிக்கிறது, அந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பொறியியல் மாணவர்கள் எங்களிடம் பயிற்சிக்கு வருவதுண்டு. வந்து அமர்ந்து மடிக்கணினியைத் திறந்ததும் அவர்கள் இதைக் கேட்பார்கள். இத்துறையில் மூத்தவர்கள் இதற்குச் சொல்லும் வழக்கமான பதில், "எதுவானாலும் சரிதான், கைக்குப் பழகியதை வச்சுக்கோ" என்பது. அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் முழுமையாக ஒப்பவில்லை. பல ஆண்டுகள் இதிலேயே உழன்றவருக்கு எந்த எடிட்டரைக் கொடுத்தாலும் வேலை நடக்கும். ஏனெனில் எடிட்டரால் ஆகாத மற்ற வேலைகள் அத்தனையும் அவருக்கு அத்துபடி. நேற்றுத் தொடங்கியவருக்கு அப்படியில்லை. அவர் கையில் முதலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே, அடுத்த மாதமும் இந்தத் துறையில் இருப்பாரா, சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பிவிடுவாரா என்பது முடிவாகிறது.

அதற்காக, விஎஸ் கோட், எக்லிப்ஸ், விம், ஈமாக்ஸ் என்று பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டாலும் பயனில்லை. சி மொழி நிரலை எங்கே எழுதுவது என்ற கேள்விக்குத்தான் அந்தப் பட்டியல் பதில் சொல்லும். மாணவர்கள் பலர் ஆர்டுயினோ என்ற எளிய மின்னணுப் போர்டில் பழகிவிட்டு வருகிறார்கள். அங்கே எழுதுவதும், தொகுப்பதும் (கம்பைல் செய்வதும்), போர்டில் ஏற்றுவதும், போர்டு சொல்வதைப் படிப்பதும் ஒரே சாளரத்துக்குள் முடிந்துவிடும். லினக்ஸ் போர்டிலும் அப்படி ஒரு சாளரம் இருக்கும், அதன் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் இங்கே நிரல் எழுதும் கணினி ஒரு வகை, நிரல் ஓடும் கணினி வேறு வகை. இரண்டுக்கும் நடுவே பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் தொடக்க நிரல்), கெர்னல் (லினக்ஸின் மையம்), டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு), ரூட் ஃபைல் சிஸ்டம் (நிரல்களும் அமைப்புக் கோப்புகளும் இருக்கும் கோப்புறைத் தொகுதி) என்று தனித்தனியாகத் தயாராகும் பாகங்கள் இருக்கின்றன. இவற்றில் எதுவும் எடிட்டரோடு கட்டப்பட்டதில்லை. ஆகவே கருவிகளைத் தேர்வதற்கு ஒரு வரிசை வேண்டும், அந்த வரிசையைப் போர்டு விழித்தெழும் வரிசையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அப்படி எடுத்தால் எடிட்டர் கடைசியாக வரும்.

போர்டு சொல்வதைக் கேட்பது

முதலில் வாங்க வேண்டியது ஒரு யுஎஸ்பி-டிடிஎல் மாற்றி; போர்டின் சீரியல் முனையை மடிக்கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் சிறு கருவி. சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்று சில்லின் (சிப்) பெயரைச் சொல்லியே கடைகளில் கேட்கலாம். சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் போர்டை எடுத்துக்கொள்கிறேன்; 1 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் கார்டெக்ஸ்-ஏ8 செயலி, 512 எம்பி நினைவகம். அதில் ஜே1 என்று அச்சிடப்பட்ட ஆறு முள் வரிசை இருக்கிறது. ஒன்றாம் முள் கிரவுண்ட், நான்காவது போர்டு பெறும் வழி, ஐந்தாவது போர்டு அனுப்பும் வழி. மூன்று கம்பிகள் போதும். போர்டு அனுப்புவது மாற்றியின் பெறும் முனைக்குப் போக வேண்டும் என்பதால் அந்த இரண்டு கம்பிகளையும் குறுக்காக இணைக்க வேண்டும். மாற்றி 3.3 வோல்ட் நிலையில் இருப்பதைப் பார்த்துக்கொள்வது முக்கியம். அந்தச் செயலியின் முனைகள் 5 வோல்ட்டைத் தாங்கமாட்டா. மாற்றியில் உள்ள மின்வழங்கல் கம்பியை எதனோடும் இணைக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு மடிக்கணினியில் பிகோகாம் அல்லது மினிகாம் என்ற சீரியல் நிரலை 115200 வேகத்தில் திறந்தால் போதும். பயனரை, சீரியல் முனையைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கப்படும்; பலரும் முதலில் தடுக்கி நிற்பது இங்கேதான்.

எஸ்டி கார்டும் இல்லாமல், போர்டின் உள் நினைவகமும் காலியாக இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால், திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மாணவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பார்கள். செயலிக்குள் ஆலையிலேயே எழுதப்பட்ட ரோம் நிரல், எங்கும் தொடக்க நிரல் கிடைக்காமல், "இந்தக் கம்பி வழியாகவாவது எக்ஸ்மோடம் முறையில் அனுப்புங்கள்" என்று கேட்கும் எழுத்து அது. அதாவது செயலி உயிரோடு இருக்கிறது, மின்சாரம் சரியாக இருக்கிறது, கம்பிகளைச் சரியாக இணைத்திருக்கிறீர்கள் என்ற மூன்று செய்திகளும் அந்த ஓர் எழுத்தில் இருக்கின்றன. கார்டைச் செருகினால், ரோம் நிரல் முதலில் எம்எல்ஓ என்ற சிறு கோப்பைத் தேடி எடுக்கும். செயலிக்கு வெளியே உள்ள முதன்மை நினைவகமான டிடிஆர் அப்போது இன்னும் எழுப்பப்படவில்லை. ஆகவே செயலிக்குள் இருக்கும் நூறு கிலோபைட் அளவிலான சிறு நினைவகத்துக்குள் அடங்கும்படி அந்தக் கோப்பு இருந்தாக வேண்டும். அது டிடிஆரை எழுப்பி, யூ-பூட் என்ற பூட்லோடரை அதில் ஏற்றும். யூ-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஏற்றிவிட்டு, 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்ற வரியை அச்சிட்டுவிட்டு விலகிக்கொள்ளும்.

அந்த வரிக்குப் பிறகு திரை அசையாமல் நின்றுவிட்டால், கெர்னல் ஓடவில்லை என்று உடனே முடிவு செய்யக் கூடாது. பழைய கெர்னல்களில் இந்தப் போர்டின் சீரியல் முனைக்கு டிடிஒய்ஓ0 என்று பெயர். பிற்பாடு வந்த டிரைவரில் அதன் பெயர் டிடிஒய்எஸ்0. யூ-பூட்டின் கட்டளை வரியில் பழைய பெயர் இருந்தால், கெர்னல் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருந்தாலும், நம்மிடம் மட்டும் எதுவும் பேசாமல் இருக்கலாம். டிவைஸ் ட்ரீ கோப்பு வேறு போர்டுக்கு உரியதாக இருந்தாலும் இதே அமைதிதான். ரூட் ஃபைல் சிஸ்டத்தைக் காணவில்லை என்றால், கெர்னல் பேனிக் என்று தொடங்கும் வரி அதைப் பெயர் சொல்லியே தெரிவிக்கும். எங்கே நின்றது என்பதைப் பொறுத்து எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. உலகிலேயே சிறந்த எடிட்டரைத் திறந்து வைத்திருந்தாலும் இந்தச் செய்தி அதில் வராது. போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சீரியல் கன்சோலை, அதாவது அந்தக் கம்பி வழியே வரும் திரையை, திறந்து, தொடக்கம் முதல் லாகின் வரை வருகிற ஒவ்வொரு வரியையும் ஒரு கோப்பில் சேமித்துப் பொறுமையாகப் படிக்கும்படி பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லி வருகிறேன்.

ராஸ்பெர்ரி பையை வைத்துத் தொடங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தொடங்கலாம், எளிதில் கிடைக்கும், உதவிக்கும் ஆள் கிடைக்கும். ஆனால் அங்கே முதலில் விழிப்பது கிராபிக்ஸ் பகுதி. அது மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை ஓட்டிய பிறகுதான் ஏஆர்எம் பக்கத்துக்கு முறை வருகிறது. விழித்தெழும் வரிசையை அடியிலிருந்து படிக்க நினைப்பவருக்கு பீகிள்போன் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். போர்டே இல்லாதவர், மடிக்கணினிக்குள்ளேயே போர்டைப் போல நடந்துகொள்ளும் கியூஇஎம்யூ என்ற மென்பொருளில் தொடங்கலாம். 2003இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய அந்த எமுலேட்டருக்கு ஏற்ற அமைப்புக் கோப்புகள், போர்டுக்கான ஃபைல் சிஸ்டத்தைக் கட்டித்தரும் பில்ட்ரூட்டிலேயே ஆயத்தமாக இருக்கின்றன.

இருக்கும் கோப்பை இல்லை என்றது

என் கருத்து உறுதிப்பட்டது ஒரு மாணவியால். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்; அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, 4 ஜிபி நினைவகம். அதில் உபுண்டுவை நிறுவி, விஎஸ் கோடை நிறுவி, சி மொழிக்கான நீட்சிகளிலிருந்து எழுத்துகளின் நிறம் வரை எல்லாவற்றையும் மிக ஒழுங்காக அமைத்து வைத்திருந்தார். மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும் மின்மானி ஒன்றிலிருந்து மின்னழுத்த மதிப்பைப் படித்துத் திரையில் காட்டும் சிறு நிரல்தான் அவருக்குக் கொடுத்த வேலை. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து ஏஆர்எம்முக்கான கிராஸ் கம்பைலரை (ஒரு வகைக் கணினியில் ஓடி, வேறு வகைக் கணினிக்கு நிரல் ஆக்கித் தருவது) நிறுவினார், நிரலை எழுதினார், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுத்தார், போர்டுக்கு நகலெடுத்தார், ஓட்டினார். 'நாட் ஃபவுண்ட்' என்றது போர்டு. கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தார், கோப்பு இருக்கிறது. ஓட்டுவதற்கான அனுமதியும் இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. மறுபடி நகலெடுத்து ஓட்டினார். மறுபடியும் இல்லை என்றது. "சார், ஃபைல் இங்கதான் இருக்கு. ஆனா இல்லேங்குது" என்றார். நீட்சி ஏதோ கோளாறு செய்கிறது, எக்லிப்ஸுக்கு மாறிவிடலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

"மாற வேணாம்மா. 'ஃபைல்' கமாண்டைப் போட்டு அந்த நிரலை மட்டும் பாரு" என்றேன். மடிக்கணினியில் ஓட்டினார். 32 பிட், ஏஆர்எம், டைனமிக் முறையில் இணைக்கப்பட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போன அந்த ஒற்றை வரியின் நடுவில், இன்டர்ப்ரெட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாதை இருந்தது: லிப் கோப்புறைக்குள் எல்டி-லினக்ஸ்-ஏஆர்எம்எச்எஃப் என்ற கோப்பு. பிறகு போர்டின் லிப் கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். அங்கே இருந்தது எல்டி-மசில்-ஏஆர்எம்எச்எஃப். இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இல்லைன்னு சொன்னது என் புரோகிராமை இல்லையா சார்? அது கூப்பிடுற ஆளைத்தானா?" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. டைனமிக் முறையில், அதாவது பொதுவான துணை நிரல்களான லைப்ரரிகளை ஓடும்போது சேர்த்துக்கொள்ளும்படி, இணைக்கப்பட்ட நிரலைக் கெர்னல் நேரடியாக ஓட்டிவிடுவதில்லை. நிரலுக்குள் பெயர் எழுதப்பட்டிருக்கும் லோடரை முதலில் நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுக்கிறது. வேண்டிய லைப்ரரிகளை எல்லாம் தேடிச் சேர்ப்பது அந்த லோடரின் வேலை. லோடர் இல்லையென்றால், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பிழை எண்ணைக் கெர்னல் திருப்பி அனுப்பும். எந்தக் கோப்பு என்று சொல்லாது. நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், தனக்குத் தெரிந்த ஒரே பெயரை, அதாவது நாம் தட்டச்சு செய்த நிரலின் பெயரை, அந்தப் பிழையோடு சேர்த்து அச்சிட்டுவிடுகிறது. உபுண்டுவின் கம்பைலர் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை நம்பி நிரலை ஆக்குகிறது. எங்கள் பெட்டியின் ரூட் ஃபைல் சிஸ்டமோ, இடத்தைச் சிக்கனப்படுத்த மசில் லைப்ரரியை வைத்துக் கட்டப்பட்டது. செயலி ஒன்றே, மொழி ஒன்றே, இரண்டுமே லினக்ஸ். ஆனாலும் மில்லிமீட்டர் மரை போட்ட போல்ட்டில் அங்குல மரை நட்டைத் திருகப் பார்ப்பதைப் போல அவை ஒன்றோடொன்று சேராது.

தீர்வு பக்கத்திலேயே இருந்தது. அந்த ரூட் ஃபைல் சிஸ்டத்தைக் கட்டிய பில்ட்ரூட், தனக்கென ஒரு கிராஸ் கம்பைலரையும் கட்டி, அவுட்புட் கோப்புறைக்குள் ஹோஸ்ட் என்ற இடத்தில் வைத்திருக்கிறது. அதன் பெயரிலேயே மசில் என்ற சொல் இருக்கும். அதை வைத்து அதே நிரலை, ஒரு வரிகூட மாற்றாமல், மீண்டும் தொகுத்தார். மீண்டும் ஃபைல் கட்டளை; இம்முறை லோடரின் பெயர் பொருந்தியது. போர்டில் ஓட்டினார், மின்மானியின் மதிப்பு திரையில் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. தன் எடிட்டர் காட்டும் தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் பார்த்து, அவை மடிக்கணினியின் சொந்த லினக்ஸிலிருந்து வருவதைக் கண்டுபிடித்து, அந்தப் பாதையை, போர்டுக்கான தலைப்புகளும் லைப்ரரிகளும் இருக்கும் பில்ட்ரூட்டின் ஸ்டேஜிங் கோப்புறைக்கு மாற்றினார். அதுவரை எடிட்டர் ஒரு கணினியைப் பற்றியும் போர்டு வேறொரு கணினியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தன. அவர் எதையும் மாற்றி நிறுவாமலே இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதன் பிறகு அவர் என்னிடம் எக்லிப்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. சிஸ்ரூட் என்றால் என்ன, ஹார்டு ஃப்ளோட் என்று பெயரில் இருப்பது எதைக் குறிக்கிறது, ஸ்டாட்டிக்காக இணைத்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று அவருடைய கேள்விகள் வேறு திசையில் போயின.

கருவியைத் தேர்வது என்றால் இத்துறையில் முதன்மையாகத் தேர்வது டூல்செயினைத்தான் என்று நான் இப்போது உறுதியாகச் சொல்கிறேன். கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சி லைப்ரரி, கெர்னல் தலைப்புகள் ஆகியவை சேர்ந்த அந்தத் தொகுதி, போர்டில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தோடு ஒரே இடத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும். எடிட்டரை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். டூல்செயினை மாற்றினால் போர்டில் இருக்கும் அத்தனை நிரல்களையும் மீண்டும் கட்டியாக வேண்டும்.

மின்பலகை அறையில் கிடைக்கும் எடிட்டர்

எல்லோரும் கொஞ்சமாவது விஐ என்ற பழைய எடிட்டரைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது பழமைப் பற்றினால் அல்ல. எங்கள் பெட்டிகள் போய்ச் சேரும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையின் மின்பலகை அறை; பஞ்சுத் தூசி, வெக்கை, பக்கத்தில் ஓடும் இயந்திரங்களின் இரைச்சல், கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பலகையின் கதவுக்குப் பின்னால் எங்கள் பெட்டி. மடிக்கணினியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் அந்த மூன்று கம்பிகளைச் செருகி உள்ளே போனால், மின்மானிகளில் ஒன்று மட்டும் பதில் சொல்லவில்லை. ஆலையில் மின்மானியை மாற்றியிருக்கிறார்கள். பழையது 9600 வேகத்தில் பேசியது, புதியது 19200. அமைப்புக் கோப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது, லினக்ஸ் கட்டளைகள் பலவற்றை ஒரே நிரலுக்குள் அடக்கிய பிஸிபாக்ஸ். 1990களின் நடுவில், டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவுவதற்கான ஒற்றை ஃபிளாப்பிக்குள் எல்லாக் கட்டளைகளையும் அடக்குவதற்காக புரூஸ் பெரென்ஸ் எழுதத் தொடங்கியது. இன்று சிறிய லினக்ஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அதைக் காணலாம். அதற்குள் ஒரு சிறு விஐயும் இருக்கிறது. எளிய எடிட்டரான நானோ இல்லை. விஎஸ் கோட் தொலைவிலிருந்து இணைவதற்கு போர்டில் ஓடவேண்டிய சேவை நிரலுக்கு இங்கே நினைவகமும் இல்லை, அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் இல்லை. படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை எழுதும் நிலைக்கு மாற்றி, விஐயில் கோப்பைத் திறந்து, எண்ணின் மேல் போய் நின்று, திருத்தி, சேமித்து, மீண்டும் படிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, சேவையை மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. நுழைய, திருத்த, வரியை நீக்க, தேட, சேமிக்க, சேமிக்காமல் வெளியேற என்று ஆறேழு விசைகள் போதும். பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய எடிட்டரின் விசைகள் அந்த அறைக்குள் அப்படியே வேலை செய்கின்றன. அவை தெரியாத பையனை ஆலைக்கு அனுப்பினால், அந்த ஓர் எண்ணுக்காக அவன் கப்பலூருக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மேசையில் எதை வைத்துக்கொள்வது

சொந்த மேசையில் உட்கார்ந்து எழுதும்போது எந்த எடிட்டர் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இங்கே முடிவு செய்ய வேண்டியது மடிக்கணினியின் நினைவகம். கெர்னலின் மூல நிரல் 3 கோடி வரிகளுக்கு மேல். மூல நிரலைப் படித்து எடிட்டருக்குக் குறிப்புத் தரும் கிளாங்டி போன்ற மொழிச் சேவை நிரலைக் கெர்னல் முழுவதையும் அட்டவணைப்படுத்தச் சொன்னால் 4 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறும். உலாவியையும் கூடவே திறந்து வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். 8 அல்லது 16 ஜிபி இருப்பவர்கள் விஎஸ் கோடையோ நியோவிம்மையோ கிளாங்டியோடு வைத்துக்கொள்ளலாம். எந்தக் கோப்பு எந்த விருப்பங்களோடு தொகுக்கப்பட்டது என்ற பட்டியலை உருவாக்கித் தரும் பைத்தான் நிரல் கெர்னல் மூலத்துடனேயே வருகிறது. 4 ஜிபி வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கெர்னலின் மேக்ஃபைலிலேயே (எதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு), எந்தப் பெயர் எங்கே வருகிறது என்று அட்டவணையிடும் டேக்ஸ், சிஸ்கோப் என்ற இரண்டு இலக்குகள் உண்டு. எந்தக் கட்டமைப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஏஆர்எம்முக்கு வேண்டியதை மட்டும் அட்டவணையிடும். நினைவகத்தை அவ்வளவாகத் தின்னாது. இணையம் இருக்கும்போது, பூட்லின் நிறுவனம் நடத்தும் எலிக்ஸர் தளத்தில் எந்த ஃபங்ஷன் எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று உலாவியிலேயே பார்த்துவிடலாம். அதே நிறுவனம் தன் பயிற்சிப் பாடங்களையும் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நான் இதுவரை பார்த்தவற்றில் தொடக்கநிலையினருக்கு அதைவிட ஒழுங்கான பாடம் கிடையாது.

எடிட்டரைவிட அதிகமாகப் பொருட்படுத்த வேண்டியது, ஒரு வரியைத் திருத்தியதிலிருந்து அதன் விளைவைப் பார்ப்பதுவரை ஆகும் நேரம். கார்டைக் கழற்றி, மடிக்கணினியில் செருகி, எழுதி, மீண்டும் போர்டில் செருகி, மின்சாரம் கொடுத்து, லாகின் வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தில் இருப்பவர், ஒரு மதிய வேளை முழுவதும் உழைத்தாலும் மிகச் சில முறைதான் எதையும் சோதித்திருப்பார். ஈதர்நெட் கம்பியால் போர்டையும் மடிக்கணினியையும் நேராக இணைத்து, கெர்னலை டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக யூ-பூட் எடுத்துக்கொள்ளும்படியும், ரூட் ஃபைல் சிஸ்டம் மடிக்கணினியிலுள்ள ஒரு கோப்புறையாகவே என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகத் தெரியும்படியும் அமைத்துவிட்டால், தொகுத்து முடிந்த கணமே நிரல் போர்டில் இருக்கும். அமைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போனாலும் கவலைப்பட வேண்டாம். பிழை தேடும் கருவியான ஜிடிபியை மடிக்கணினியிலும் ஜிடிபி சர்வரைப் போர்டிலும் ஓட்டி, ஸ்டேஜிங் கோப்புறையை சிஸ்ரூட்டாக, அதாவது போர்டின் லைப்ரரிகளைத் தேட வேண்டிய இடமாக, காட்டிவிட்டால், போர்டில் ஓடும் நிரலை மடிக்கணினியிலிருந்தே வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு சாட் மென்பொருள்களிடம் கேட்டு நிரல் எழுதுவது இப்போது எல்லா மாணவர்களிடமும் இருக்கிறது. நான் தடுப்பதில்லை, மேக்ஃபைலில் ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கம் கேட்பதற்கு அவை உதவுகின்றன. டிவைஸ் ட்ரீயில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று சொல்கிறேன். எந்த முள் எந்தப் பணிக்கு, எந்த எண் எந்த நிலைக்கு என்பதெல்லாம் அந்தச் சில்லுக்கே உரிய செய்திகள்; பார்ப்பதற்கு மிகச் சரியாகத் தோன்றும் ஒரு தவறான எண் தொகுக்கும்போது எந்தப் பிழையையும் காட்டாது, போர்டில் மட்டும் அந்தப் பாகம் வேலை செய்யாது. டிவைஸ் ட்ரீயை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், கெர்னலின் ஆவணக் கோப்புறைக்குள் இருக்கும் பைண்டிங்ஸ் பகுதியோடும், சில்லின் கையேட்டோடும் ஒத்துப் பார்க்காத எந்த வரியையும் எங்கள் பெட்டிகளில் நாங்கள் ஏற்றுவதில்லை. பீகிள்போனின் செயலிக்கு உரிய கையேடு 5,000 பக்கம் அளவுக்கு இருக்கிறது. அதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. பொருளடக்கத்தில் தேடி உரிய அட்டவணைக்குப் போகத் தெரிந்தால் போதும்.

டேட்டா தீர்வதற்குள்

மிஞ்சியிருப்பது, ஃபைல் சிஸ்டத்தை எதைக் கொண்டு கட்டுவது என்பது. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் யோக்டோ என்ற பெயர் அடிபடுவதால் அதிலேயே தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010இல் அறிவித்த அந்தத் திட்டம், பல போர்டுகளுக்குப் பல தயாரிப்புகளை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் குழுக்களுக்கு ஏற்றது. அடுக்குகளாகப் பிரித்து வைப்பதும், ஒரு முறை கட்டியதைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவதும் அதன் பலம். அதற்கு வட்டில் ஏராளமான காலி இடம் வேண்டும், வலுவான கணினியும் வேண்டும். கற்கிறவர் 2001இலிருந்து வளர்ந்துவரும் பில்ட்ரூட்டில் தொடங்குவதுதான் நல்லது. கெர்னலுக்கு இருப்பதைப் போன்ற மெனுவில் வேண்டியதைத் தேர்ந்து, மேக் என்று ஒரு சொல் அடித்தால், டூல்செயினிலிருந்து கார்டில் எழுதவேண்டிய இமேஜ் வரை அவுட்புட் கோப்புறையில் கிடைத்துவிடும். பிப்ரவரி மாதத்துக்கு உரிய வெளியீடுகளில் நீண்ட காலம் பராமரிக்கப்படுபவை உண்டு, அவற்றில் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஃபைல் படிக்கத் தெரிந்த எவரும் அதன் உள்ளே நடப்பதைப் பின்தொடர முடியும் என்பதும் எனக்கு அதன்மேல் உள்ள பிடிப்புக்குக் காரணம்.

கிராமத்து வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு வேறொரு தடை இருக்கிறது. கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி டேட்டா. அதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். மூல நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் உள்ள கெர்னலின் வரலாறு முழுவதையும் இறக்கினால் சில ஜிபி போய்விடும். ஆழம் ஒன்று என்று குறிப்பிட்டு இறக்கலாம், அல்லது சுருக்கப்பட்ட மூலக் கோப்பை மட்டும் எடுக்கலாம். அது ஏறத்தாழ 140 எம்பிதான். பில்ட்ரூட்டில் 'மேக் சோர்ஸ்' என்று கொடுத்தால், எதையும் கட்டாமல், தேவையான மூலங்களை மட்டும் முதலிலேயே இறக்கி டிஎல் என்ற கோப்புறையில் வைத்துவிடும். நல்ல சிக்னல் கிடைக்கும் இரவில் அதை முடித்துக்கொண்டால், இணையமே இல்லாமல் பகலில் கட்டலாம். 4 ஜிபி மடிக்கணினியில் முதல் முறை கட்ட மணிக்கணக்கில் ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் தொடங்காதீர்கள். நடுவில் நின்றுவிட்டாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மீண்டும் மேக் கொடுத்தால் கட்டி முடிந்த தொகுப்புகளைத் தாண்டிச் செல்லும், பாதியில் நின்ற தொகுப்பை மட்டும் தனியே சுத்தம் செய்துவிட்டுத் தொடரலாம்.

அந்த டிஎல் கோப்புறையை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்கலாம். மூலக் கோப்புகளில் பெரும்பாலானவற்றின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, பில்ட்ரூட் சரிபார்த்துக்கொள்வதால், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவர் இறக்கினால் மற்றவர்கள் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைக் கொடுத்துவிடுகிறோம், யுஎஸ்பி-டிடிஎல் மாற்றி ஒன்றையும் சேர்த்து.